ஒரே ஒரு வாசனைச் செடிக்குத்தான் இடம்: குண்டுமல்லியா, கார்டினியாவா, காமினியா, இரவுராணியா?

வாசனைச் செடி வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பூவைப் பார்த்து மயங்கித்தான் வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். நர்சரியில் பதினைந்து இருபது மொட்டோடு பளபளவென்று நின்ற ஒரு கார்டினியாவைத் தூக்கிக்கொண்டு வந்தேன். இரண்டே வாரம். ஒரு மொட்டுகூட விரியவில்லை. எல்லாம் பழுத்து, காம்போடு கழன்று தொட்டிக்குள்ளேயே விழுந்து கிடந்தன. அந்தக் கோபத்தில் அடுத்து எதையும் தாங்கும் செடி ஒன்று கேட்டு இரவுராணியை வாங்கி, படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே வைத்தேன். அது தாங்கியது. எனக்குத்தான் தாங்கவில்லை. பூத்த முதல் வாரமே ராத்திரி பத்து மணிக்கு மேல் தலை விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தது. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் வாசனை.

இரண்டு செடியும் நல்ல செடிதான். பொருந்தாத இடத்தில் வைத்தது என் தப்பு. அதனால் இப்போது யாராவது "எது வைக்கலாம்?" என்று கேட்டால் பூவைப் பற்றிப் பேசுவதில்லை. இரண்டே கேள்வி கேட்பேன். செடி நிற்கப்போகும் இடத்தில் எத்தனை மணி நேரம் நேர் வெயில் விழுகிறது? அந்த இடத்தில் நீங்கள் எந்த நேரத்தில் இருப்பீர்கள்?

முதல் கேள்விக்கு எல்லோரும் "நல்ல வெயில் வரும்" என்பார்கள். அதை நம்ப முடியாது. வெளிச்சம் வேறு, வெயில் வேறு. காலை எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு மணிக்கு அந்த இடத்தில் போய்க் கையை நீட்டிப் பாருங்கள். கை நிழல் தரையில் விளிம்பு கூர்மையாக விழுந்தால் அது வெயில். மங்கலாகக் கலைந்து விழுந்தால் வெறும் வெளிச்சம். ஐந்து முறையில் மூன்று முறை கூர்மையாக விழுந்தால் ஐந்தாறு மணி நேர வெயில் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு முறைதான் என்றால், மல்லிகை ஆசையை இப்போதே ஒத்திவைப்பது நல்லது. செடி சாகாது. இலை இலையாக வளரும், பூக்காது. அதுதான் பெரிய எரிச்சல்.

இரண்டாவது கேள்வியை யாரும் யோசிப்பதே இல்லை. வாசனைக்கும் ஒரு கடிகாரம் உண்டு. வெள்ளையாகவோ வெளிறியோ பூக்கும் வாசனைச் செடிகளில் பல, இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளை அழைக்கத்தான் மணக்கின்றன. பகல் முழுக்கத் தோட்டத்தில் சுற்றிவிட்டு ஏழு மணிக்கு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறவர் இரவுராணி வைத்தால், அவர் அந்துப்பூச்சிக்காகச் செடி வளர்க்கிறார் என்று அர்த்தம். குண்டுமல்லி பொழுது சாயும்போது விரியும்; முன்னிரவில்தான் உச்சம்; மறுநாள் வெயில் ஏறினால் வாடிவிடும். இரவுராணி இருட்டிய பிறகுதான் வாய் திறக்கும். பகலில் மூக்கை உள்ளே விட்டாலும் ஒன்றும் வராது. பவளமல்லி அந்தியில் விரிந்து விடியலில் உதிரும். காமினி பகலிலும் மணக்கும், இரவிலும் மணக்கும். கார்டினியாவின் ஒரு பூ பல நாள் செடியிலேயே நின்று மணக்கும், சாயங்காலத்துக்கு மேல் கொஞ்சம் தூக்கலாக.

இந்த இரண்டு கேள்விக்கும் விடை கையில் இருந்தால் பாதி முடிவு ஆகிவிட்டது. மீதி, செடிக்குச் செடி மாறும் குணம்.

குண்டுமல்லி

ஐந்து மணி நேரத்துக்கு மேல் வெயில் இருக்கிறது, சாயங்காலம் அங்கே உட்காருவீர்கள், கத்தரிக்கோல் எடுக்கக் கை கூசாது என்றால் வேறெதையும் யோசிக்க வேண்டாம். என் ஓட்டு இதற்குத்தான். பிலிப்பைன்ஸ் 1934-ல் இதைத் தேசிய மலராக அறிவித்தது. அந்த அளவுக்கு வெப்ப நாடுகளோடு ஒட்டிப்போன செடி. வெயிலும் வெக்கையும் இதற்குச் சாப்பாடு மாதிரி. உறைபனிதான் ஆகாது, பனி உறையும் ஊரில் இருப்பவர்கள் குளிர்காலத்தில் தொட்டியை உள்ளே தூக்கிக்கொள்ள வேண்டும்.

இதிலேயே வகைகள் உண்டு. ஒற்றை அடுக்கில் இதழ் விடுவது ஒன்று. இரண்டு மூன்று அடுக்காக விடுவது இன்னொன்று. குட்டி ரோஜாவைப் போல இதழ் நெருங்கிப் பந்தாக நிற்பது மூன்றாவது. 'கிராண்ட் டியூக் ஆஃப் டஸ்கனி' என்ற பெயரில் உலகம் முழுக்க விற்கிறார்கள். படத்தில் பார்த்தால் எல்லோருக்கும் அதுதான் வேண்டும் என்று தோன்றும். ஆனால் அது மெதுவாக வளரும், விறைப்பாக ஒன்றிரண்டு கிளையோடு நிற்கும், பூவும் உதிராமல் செடியிலேயே பழுப்பாகிக் காயும். முதல் செடியாக அதை வாங்க வேண்டாம். அடுக்கு குறைவான வகைதான் கிளை கிளையாக வெடித்து வாரி வழங்கும்.

மல்லிகை பூக்கவில்லை என்று சொல்கிறவர்கள் பத்துப் பேரில் எட்டுப் பேர் வெட்டாதவர்களாகத்தான் இருப்பார்கள். இந்தச் செடி புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு விடும். பழைய கிளை எத்தனை நீளம் போனாலும் பிரயோசனம் இல்லை. ஒரு கிளையின் நுனியைக் கையில் பிடித்துப் பாருங்கள். எதிரெதிராக இரண்டு இலை, நடுவே ஒரு சின்னக் காம்பில் பெரும்பாலும் மூன்று மொட்டு. நடு மொட்டுதான் முதலில் விரியும். ஒன்றிரண்டு நாள் கழித்துப் பக்கத்து இரண்டும். மூன்றும் முடிந்ததும் அந்தக் காம்பு காய்ந்து குச்சியாக நிற்கும். அங்கேயே விட்டால் கிளையும் சோம்பி நின்றுவிடும். காய்ந்த குச்சியிலிருந்து கீழே இறங்கி இரண்டாவது இலை ஜோடியைக் கண்டுபிடித்து, அதற்குக் கால் அங்குலம் மேலே வெட்டுங்கள். இலைக் காம்பும் தண்டும் சேரும் இடத்தில் கடுகளவு பச்சைக் கண் ஒன்று இரண்டு பக்கமும் தெரியும். பத்து நாளில் அந்த இரண்டு கண்ணும் துளிராக நீளும். ஒரு நுனி இருந்த இடத்தில் இரண்டு நுனி. மூன்று மொட்டு இருந்த இடத்தில் ஆறு. என் தொட்டியில் வெட்டியதிலிருந்து அடுத்த மொட்டு தெரிய ஐந்தாறு வாரம் ஆகிறது.

இது தவிர வருஷத்துக்கு ஒரு முறை, குளிர் ஓய்ந்து வெயில் ஏற ஆரம்பிக்கும் முன், பெரிய கவாத்து. நான்கைந்து நாள் தண்ணீரைக் குறைத்துவிட்டு, செடியைப் பாதி உயரத்துக்கு இறக்கி, மீதி இலையையும் உருவிவிடுவேன். முதல் முறை செய்யும்போது செடியைக் கொன்றுவிட்டோமோ என்று பயமாக இருக்கும். மொட்டைக் குச்சிகளைப் பார்த்து வீட்டில் இருப்பவர்கள் என்ன ஆச்சு என்று கேட்பார்கள். மூன்று வாரம் பொறுங்கள். கவாத்து முடிந்ததும் மேல் மண்ணைக் கிளறி, மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ இரண்டு கை போட்டு நன்றாகத் தண்ணீர் விட வேண்டும். தழைச்சத்து அதிகமான உரத்தை மாதாமாதம் கொட்டினால் கரும்பச்சையாக இலை வரும், மொட்டு வராது. அந்தக் கரும்பச்சையைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்கள் நிறையப் பேர்.

இனி இதன் தொல்லை. பூச்சி. அதிலும் மொட்டு ஈ. ஒரு நாள் காலையில் பார்த்தால் வெள்ளையாக இருக்க வேண்டிய மொட்டு இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ நிறம் மாறி, அடிப்பக்கம் லேசாக வீங்கி, விரியாமலே காய ஆரம்பித்திருக்கும். பலர் தண்ணீர் போதவில்லை என்று நினைத்துத் தண்ணீரைக் கூட்டுவார்கள். அப்படி ஒரு மொட்டைப் பறித்து நகத்தால் நெடுக்காகக் கீறிப் பாருங்கள். உள்ளே இதழ்களுக்கு நடுவில் வெளிறிய நிறத்தில், ஊசிமுனை அளவு புழுக்கள் நெளியும். அந்தப் புழு மொட்டிலிருந்து மண்ணில் விழுந்துதான் கூட்டுப்புழுவாகும். எனவே மருந்தைத் தேடுவதற்கு முன் செய்ய வேண்டியது எளிது: நிறம் மாறிய மொட்டுகளைப் பொறுக்கி, தொட்டியிலோ தரையிலோ போடாமல் ஒரு பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும், மேல் மண்ணை இரண்டு அங்குலம் கிளறி வெயில் படவிட வேண்டும். மூன்று வாரம் விடாமல் செய்தால் பெருமளவு அடங்கும். மொட்டில் ஓட்டை தெரிந்தால், உள்ளே குடைந்த தடமும் எச்சமும் இருந்தால், அது வேறு ஆசாமி, மொட்டுப்புழு. ஒரு மொட்டைத் தின்று முடித்து அடுத்ததற்குப் போகும். வைத்தியம் ஏறக்குறைய அதுவேதான், கூடவே வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்த கரைசலைச் சாயங்காலத்தில் தெளிக்கலாம். வெயில் நேரத்தில் தெளித்தால் இலை கருகும்.

வறண்ட வெக்கையில் இலை மேல் மணல் தூவியது போல வெளிறிய புள்ளி வந்தால் செம்பேன். இலையைத் திருப்பிப் பார்த்தால் மெல்லிய நூலாம்படை இருக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும்.

கார்டினியா

உண்மையைச் சொன்னால், நான் முகர்ந்ததிலேயே இதன் வாசனைதான் முதலிடம். ஆனாலும் முதல் செடியாக யாருக்கும் சொல்ல மாட்டேன். தண்ணீர்தான் காரணம்.

இது காபிச் செடியின் குடும்பம். சீனா, ஜப்பான் பக்கத்துச் செடி. அலெக்சாண்டர் கார்டன் என்ற 18-ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து மருத்துவரின் பெயரை வைத்ததால் கார்டினியா ஆயிற்று. 'தோட்டம்' என்ற பொருளில் வந்த பெயர் என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இதன் வேருக்கு அமிலத்தன்மை உள்ள மண் வேண்டும், அமிலமா காரமா என்று காட்டும் அளவான பிஎச் 5-லிருந்து 6 வரை இருந்தால் நிம்மதி. உங்கள் தண்ணீர் உப்புத் தண்ணீராக, வாளியின் விளிம்பிலும் தொட்டியின் விளிம்பிலும் வெள்ளைப் படிவம் விடுகிற தண்ணீராக இருந்தால், ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் மண்ணைக் காரமாக்கிக்கொண்டே இருக்கிறீர்கள். மண் காரமானால் அதில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. முதலில் நுனிப் புது இலைதான் காட்டிக்கொடுக்கும்: நரம்பு மட்டும் பச்சையாக, நரம்புகளுக்கு இடைப்பட்ட இடம் வெளிறிய மஞ்சளாக. அடி இலை முதலில் மஞ்சளானால் அது இரும்பு அல்ல. பெரும்பாலும் தழைச்சத்துக் குறை, இல்லையென்றால் தண்ணீர் தேங்கி வேர் அழுகுகிறது. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் பாதி உரச் செலவு மிச்சம்.

காபிச் சக்கையைப் போட்டால் மண் அமிலமாகும் என்று சொல்வார்கள். வடித்த பிறகு மிஞ்சும் சக்கையில் அமிலம் ஏறக்குறைய போயிருக்கும். மக்கினால் உரமாக உதவும், மற்றபடி பிஎச்சை அசைக்காது. இரும்பு கீலேட், அதாவது வேர் எடுத்துக்கொள்ளும் வடிவில் வரும் இரும்பு உரம், போட நினைப்பவர்கள் பாக்கெட்டில் வகையைப் பார்க்க வேண்டும். இடிடிஏ (EDTA) வகை கார மண்ணில் நிற்காது. அங்கே இடிடிஎச்ஏ (EDDHA) வகைதான் வேலை செய்யும். இதெல்லாம் வேண்டாம் என்றால் ஒரே வழி, மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுவது. அதற்கு வசதி இருப்பவர்களுக்குக் கார்டினியா தாராளமாகப் பொருந்தும். காலை வெயில் நான்கு மணி நேரம், மதியத்துக்கு மேல் நிழல், கோகோபீட் என்கிற தேங்காய் நார்த்தூளும் இலை மக்கும் அதிகமாகக் கலந்த மண், ஒருநாள் காய்வதும் ஒருநாள் நனைவதுமாக இல்லாமல் ஒரே சீரான ஈரம்.

மொட்டு உதிர்வதற்கு வருவோம். என் முதல் செடிக்கு நேர்ந்தது இதுதான். மொட்டோடு இருக்கும்போது இடம் மாற்றினால், தண்ணீர் ஒருநாள் தவறினால், காற்று வறண்டால், இரவு வெக்கையாக இருந்தால் கழற்றி விட்டுவிடும். மொட்டு கட்டுவதற்கே இரவு குளிர்ச்சி வேண்டும், 18 டிகிரிக்குக் கீழே இறங்கினால் நல்லது. இரவிலும் வேர்க்கும் இடத்தில் இலை அழகுக்கு வைத்துக்கொள்ளலாம், பூவை எண்ணி வைக்கக் கூடாது. கவாத்தும் மல்லிகை மாதிரி நினைத்த நேரத்தில் செய்யக்கூடாது. பூத்து முடிந்த கையோடு வெட்டிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் அடுத்த பருவத்து மொட்டைத்தான் வெட்டுவோம்.

இத்தனைக்கும் பிறகு அது பூக்கும்போது ஒன்று சொல்ல வேண்டும். பச்சைத் துணியை முறுக்கிப் பிழிந்தது போல இருக்கும் மொட்டு, ஒரு சாயங்காலம் முறுக்குத் தளர்ந்து விரியும். மெழுகு போன்ற வெள்ளை. இரண்டு மூன்று நாளில் பாலேடு நிறமாகி, பிறகு மஞ்சளாகும். மஞ்சளானாலும் மணம் போகாது. ஒரு பூ போதும் ஓர் அறைக்கு. ஆனால் அந்த இதழைக் கையால் தொட்ட இடமெல்லாம் மறுநாள் பழுப்பாகும், அதனால் தொட்டுக் காட்டாமல் பார்க்கச் சொல்லுங்கள்.

காமினி

சோம்பேறிகளின் செடி என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் அந்தக் கட்சிதான். மூன்று நான்கு மணி நேர வெயில் போதும். தண்ணீர் இரண்டு நாள் தவறினாலும் முகம் சுளிக்காது. எலுமிச்சை, நாரத்தைக் குடும்பம். கறிவேப்பிலைக்கு நெருங்கிய சொந்தம், வெகு காலம் இரண்டையும் ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். இலையைப் பார்த்தாலே அந்தச் சாயல் தெரியும். பூவில் எலுமிச்சைப் பூ வாசனை.

இது தினமும் பூக்காது. கொஞ்ச நாள் காய்ந்து, பிறகு நல்ல மழையோ தண்ணீரோ கிடைத்தால் ஒரே நேரத்தில் செடி முழுக்கப் பூத்துத் தள்ளும். நான்கைந்து நாள் தெருமுனை வரை மணக்கும், அடியில் இதழ் மெத்தையாகக் கிடக்கும். அப்புறம் பல வாரத்துக்கு வெறும் பச்சைச் செடி. தினமும் நாலு பூ வேண்டுமா, அவ்வப்போது நாலாயிரம் பூ வேண்டுமா என்பது உங்கள் மனசைப் பொறுத்தது.

இங்கேயும் கத்தரிக்கோல் விஷயம் உண்டு, ஆனால் நேர்மாறாக. வேலிச் செடியாக வைத்து மாதம் ஒருமுறை சதுரம் சதுரமாக வெட்டுகிறவர்கள், பூக்கும் நுனியைத்தான் வெட்டி எறிகிறார்கள். வடிவம் வேண்டுமென்றால் வாசனை குறையும். நான் ஒரு பூப்பு முடிந்ததும் ஒருமுறை வெட்டிவிட்டு, அடுத்த பூப்பு வரை கையை வைக்க மாட்டேன்.

பக்கத்தில் எலுமிச்சை, சாத்துக்குடி மரம் வைத்திருப்பவர்கள் மட்டும் யோசிக்க வேண்டும். எலுமிச்சைக் குடும்பத்தை அழிக்கும் பசுமையாதல் நோயைப் பரப்பும் சைலிட் பூச்சிக்குக் காமினியின் இளந்துளிர் பிடித்தமான இடம். சில நாடுகளில் இதை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எடுத்துப் போகக் கட்டுப்பாடே வைத்திருக்கிறார்கள்.

இரவுராணியும் பவளமல்லியும்

இரவுராணியை வாங்கும் முன் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நைட் குயின் என்று கேட்டால் ஒருவர் இதைத் தருவார். இன்னொருவர், தட்டை இலைக் கள்ளியில் கைப்பிடி அளவு வெள்ளைப்பூ ஒரே இரவு பூக்குமே, அதைத் தருவார். நாம் பேசுவது மெல்லிய குழல் போன்ற, பச்சை கலந்த வெளிறிய சிறு பூக்களைக் கொத்துக் கொத்தாக விடும் புதர். இதைச் சிலர் மல்லிகை என்று சொல்லி விற்பார்கள். மல்லிகைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, இது கத்தரி, தக்காளிக் குடும்பம். வளர்ப்பது மிகமிகச் சுலபம். ஒரு போத்தை ஊன்றினாலே வேர் பிடிக்கும், சில மாதத்தில் ஆள் உயரம்.

ஆனால் செடி முழுக்க நஞ்சு, காய் குறிப்பாக. பூத்து முடிந்த கொத்துகளைக் காய்க்கும் முன்பே வெட்டிவிட வேண்டும். குழந்தையும் ஆடுமாடும் நடமாடும் இடத்தில் இதை வைக்காமல் இருப்பதே மேல். காயைப் பறவைகள் தின்று விதையைப் பரப்புவதால் ஹவாய், நியூசிலாந்து போன்ற இடங்களில் இது காட்டுக்குள் புகுந்து களையாகிவிட்டது. இத்தனைக்கும் பிறகு வைக்க ஆசை என்றால் வீட்டிலிருந்து முப்பது நாற்பது அடி தள்ளி, காற்று வாக்கில் வையுங்கள். தூரத்தில் வரும்போது அது வாசனை. ஜன்னலுக்கு அடியில் வந்தால் தண்டனை. எனக்கு வந்த தலைவலி எல்லோருக்கும் வரும் என்று சொல்ல முடியாது. வருகிறவர்கள் நிறையப் பேர். மூடிய அறையில் மல்லிகைகூடச் சிலருக்குக் கனத்துப்போவதற்கு ஒரு காரணம் உண்டு: அதன் மணத்தில் இந்தோல் என்ற பொருள் இருக்கிறது. கொஞ்சமாக இருந்தால் மணம், குவிந்தால் நாற்றம்.

பவளமல்லியைத் தொட்டியில் வைக்க வேண்டாம் என்பதைத் தவிர அதிகம் சொல்ல எனக்கு இல்லை. அது சின்ன மரம்; முப்பது அடி வரைகூடப் போகும். தரை இருந்தால், விடியற்காலையில் எழுந்து வாசலுக்கு வரும் பழக்கமும் இருந்தால், அதைப் போல இன்னொன்று கிடையாது. ஆரஞ்சுக் காம்போடு பூ தரையில் கொட்டிக் கிடக்கும். இரவில் அரும்பி விடியலில் உதிர்ந்துபோவதால்தான் அதன் தாவரப் பெயரிலேயே 'துயர மரம்' என்று வைத்தார்கள். கோடையில் இலை உதிர்த்து, உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பான மீதி இலைகளோடு அசிங்கமாக நிற்கும் மாதங்களையும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றுக்கொன்று வைத்துப் பார்த்தால்

பால்கனித் தொட்டி, தெற்கோ மேற்கோ பார்த்த வெயில், சாயங்காலம் வீடு திரும்புகிறவர்: குண்டுமல்லி. வேறு பேச்சில்லை. அதே பால்கனி, ஆனால் எதிரில் உயரமான கட்டடம், மூன்று மணி நேரத்துக்கு மேல் வெயில் இல்லை: காமினி. மலைப்பாங்கான குளிர்ந்த இடம், மழைத் தண்ணீர் வசதி, தினமும் செடியைப் பார்க்கும் பொறுமை: கார்டினியா, அதுவும் ஏற்கெனவே ஒரு செடி வளர்த்துக் கை பழகியவர்கள். அடிக்கடி பத்து நாள் ஊருக்குப் போகிறவர்கள் கார்டினியாவை மறந்துவிடலாம். குண்டுமல்லி இலை தொங்கிப்போனாலும் தண்ணீர் கண்டால் எழுந்துவிடும், காமினி தொங்கக்கூட மாட்டாது. வீட்டில் நாய், பூனை, தவழும் பிள்ளை இருந்தால் இரவுராணி வேண்டாம். பூனையும் நாயும் மல்லிகையைக் கடித்தாலும் பயம் இல்லை.

வாசனைக்குப் பாம்பு வரும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பூ வாசனைக்குப் பாம்பு வராது. அடி அடர்ந்து, எலியும் தவளையும் ஒளிய இடம் கொடுக்கும் எந்தப் புதருக்கும் வரும். அடியில் ஒரு அடி உயரத்துக்குக் கிளையைக் கழித்துச் சுத்தமாக வைத்தால் போதும்.

குண்டுமல்லிதான் என்று முடிவெடுத்தவர்களுக்கு, வாங்கும்போது பார்க்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மொட்டு நிறைந்த செடியைத் தேடாதீர்கள். அடியிலிருந்து மூன்று நான்கு கிளை பிரிந்திருக்கிறதா, இலையின் அடிப்பக்கமும் கணுவும் பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி இல்லாமல் சுத்தமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பையின் அடியைத் தூக்கிப் பார்த்தால் ஓட்டை வழியே ஒன்றிரண்டு வெளுத்த வேர் எட்டிப் பார்க்க வேண்டும்; பழுப்பு வேர் கற்றையாகச் சுருண்டு வெளியே வந்திருந்தால் செடி அந்தப் பையில் ரொம்ப நாளாக நெருக்கப்பட்டிருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே தொட்டி மாற்ற வேண்டாம். ஒரு வாரம் பத்து நாள், அது நிற்கப்போகும் இடத்துக்குப் பக்கத்தில் அரை நிழலில் பழகட்டும்.

பிறகு பன்னிரண்டு அங்குலத்துக்குக் குறையாத தொட்டி. பதினான்கு என்றால் இன்னும் நல்லது. தோட்ட மண் இரண்டு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, மணலோ கோகோபீட்டோ ஒரு பங்கு. அடியில் ஓட்டை இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்க்கவும். ஓட்டை போடாமலே விற்கும் பிளாஸ்டிக் தொட்டிகளில் என்னுடைய இரண்டு செடி அழுகியிருக்கிறது. தண்ணீர் ஊற்றும் முன் விரலை ஒரு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் நாளைக்கு ஊற்றலாம்.

வந்த மொட்டு விரிந்து உதிரட்டும். அதற்குப் பிறகு அந்த முதல் வெட்டை வெட்டுங்கள்: காய்ந்த காம்பிலிருந்து இரண்டாவது இலை ஜோடி, அதற்குக் கால் அங்குலம் மேலே. வெட்டிய துண்டுகளை எறிய வேண்டாம். மூன்று கணு உள்ள, பென்சிலைவிடச் சற்று ஒல்லியான துண்டாக எடுத்து, அடி இலைகளைக் கிள்ளி, ஈர மணலில் இரண்டு கணு புதைய ஊன்றி நிழலில் வையுங்கள். ஒன்றரை இரண்டு மாதத்தில் துளிர் நீண்டு, லேசாக இழுத்தால் மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கும். என்னிடம் ஒரே தொட்டிக்குத்தான் இடம். அப்படி வேர் பிடித்தவை எல்லாம் இப்போது அடுத்த வீட்டு மாடியில் நிற்கின்றன. காற்று இந்தப் பக்கம் அடிக்கும் இரவுகளில் எந்தச் செடி மணக்கிறது என்று தெரிவதில்லை.